உமிழ்நீர் மாதிரி

ஜெர்மனியிலிருந்து ஊருக்கு வருகிறவர்கள் சாக்லேட் கொண்டுவருவார்கள். நான் இருபத்தேழு காலிக் குப்பிகள் கொண்டுவந்தேன். ஆறு நாளில் திரும்பிப் போகும்போது, குறைந்தது இருபது குப்பிகளாவது திண்டுக்கல் பக்கத்து மனிதர்களின் எச்சிலால் நிரம்பியிருக்க வேண்டும்.

முகம் சுளிப்பவர்களுக்காக விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் உடம்பின் செல்கள் குடிக்கும். ஒவ்வொன்றும் தன் ஓரத்தை மடிப்பாகத் தூக்கி, வெளியே இருக்கும் திரவத்தை ஒரு வாய் வளைத்து உள்ளே இழுத்துக்கொள்ளும். என்ன வருகிறது என்று பொறுக்கிப் பார்ப்பதில்லை. நல்லது கெட்டது எல்லாம் அந்த ஒரே வாயில் போகும். இந்தக் குடியைக் கூட்டுகிற மரபணு ஒன்று இருக்கிறது. மாட்டுக்கு அது கிடையாது, எலிக்குக் கிடையாது. குரங்கு வம்சத்தில் மட்டும், அதுவும் சமீபத்தில் முளைத்தது. எலியின் செல்லுக்குள் அதை வைத்து, நிறம் கலந்த நீரை ஊற்றி, நுண்ணோக்கியில் பார்த்தால், அதுவரை சாதுவாகக் கிடந்த செல் மொடாக்குடியனைப் போல இழுக்க ஆரம்பிக்கும். இரண்டு வருடமாக நான் சம்பளம் வாங்கிக்கொண்டு பார்த்துவந்தது இந்தக் கூத்தைத்தான்.

எல்லா மனிதரிடமும் அந்த மரபணு ஒரே எண்ணிக்கையில் இல்லை. ஒருவரிடம் சில நகல்கள், இன்னொருவரிடம் பல. நகல் கூடினால் குடியும் கூடுமா? தெரியாது. முதலில் எண்ண வேண்டும். எண்ணுவதற்கு எச்சில் போதும், வாயின் உள்தோலிலிருந்து உதிர்ந்த செல்கள் அதில் மிதக்கும்.

என் பேராசிரியை கறாராகச் சொல்லியிருந்தார். "புதன்கிழமை என் மேசையில் இருபது நல்ல குப்பிகள் இருந்தால், கட்டுரையில் உன் பெயர் முதலில் வரும். பத்தொன்பது என்றால் வேறொருவருடைய ஆய்வோடு சேர்த்துவிடுவேன். உன் பெயர் நடுக்கூட்டத்தில் எங்கேயாவது நிற்கும்." எங்கள் வீட்டில் பள்ளிக்கூட வாசலை மிதித்த முதல் ஆள் நான். நடுக்கூட்டத்தில் நிற்பதற்காக இவ்வளவு தூரம் போகவில்லை.

அனுமதிக் காகிதங்கள் வாங்கிய கதை வேண்டாம். விதிகளை மட்டும் சொல்கிறேன். குடும்பத்துக்கு ஓர் ஆள். துப்புவதற்கு முன் அரை மணி நேரம் வாயில் எதுவும் போடக் கூடாது. குப்பியில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும். கையெழுத்துப் போடவோ கைநாட்டு வைக்கவோ ஒரு படிவம். அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதியது நான்தான். எச்சில் என்ற சொல்லை அதில் அண்டவிடவில்லை. 'உமிழ்நீர் மாதிரி தர மனமுவந்து சம்மதிக்கிறேன்' என்று எழுதிவிட்டு, அதன் அழகுக்காகவே இரண்டு முறை வாசித்துப் பார்த்தேன்.

வியாழக்கிழமை திண்டுக்கல் பேருந்து நிலையத்தில் இறங்கி ஆட்டோ ஏறினேன். ஜெர்மனியில் டாக்சி ஓட்டுநர்கள் வானிலை தவிர வேறெதுவும் கேட்பதில்லை. இவர் முதல் திருப்பத்திலேயே ஆரம்பித்தார்.

"எங்கனம்மா வேலை?"

"ஜெர்மனியிலண்ணே. செல் ஆராய்ச்சி."

ஆட்டோ ஓரங்கட்டி நின்றது. சட்டைப் பையிலிருந்து கைபேசியை எடுத்து என் கையில் வைத்தார். "தெய்வமாப் பாத்து உன்னைய அனுப்பிருக்குத்தா. நைட்டு முழுக்க சார்ஜ் போடுறேன், காலையில பாத்தா உசுரு இல்ல."

"இந்த செல்லு இல்லண்ணே. உடம்புல இருக்குற செல்லு."

"உடம்புலயா?" என்னை விட்டுச் சற்று விலகி உட்கார்ந்தார். எங்கள் பக்கம் செல் என்றால் கறையானும்தான். "அரிக்குமா?"

"அரிக்காது. குடிக்கும்."

"அப்ப எம் மச்சானுக்கு இருக்கு" என்று வண்டியைக் கிளப்பினார்.

நத்தம் பக்கம் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர்ந்ததும் முதல் குப்பியை அம்மாவிடம்தான் நீட்டினேன். அம்மா பேச்சியம்மாள். புளியந்தோப்புகளில் கூலி வேலை. விஷயத்தை முழுக்கக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"இதுல எம் பேரு எழுதுவியா?"

"பேரு எழுதக் கூடாதும்மா. நம்பர்தான். யாரு எச்சின்னு யாருக்கும் தெரியக் கூடாது."

"அப்ப வேண்டாம்" என்று குப்பியைத் திருப்பித் தந்தாள். "ரேஷன் கார்டுல என்னைய பிச்சையம்மாள்னு எழுதியிருக்கான். ஓட்டு லிஸ்டுல பேச்சிமுத்துன்னு ஆம்பளையாக்கிட்டான். தோப்புச் சிட்டையில 'பொம்பள நாலு'ன்னு கெடக்கேன். வெளிநாட்டுக்குப் போறதுலயும் நம்பரா? எச்சி மட்டும் ஏரோப்ளேன்ல போகும், பேரு போகாதோ?"

தனிமனித ரகசியம் என்பதைப் பற்றி ஜெர்மனியில் எனக்கு மூன்று நாள் வகுப்பு எடுத்திருந்தார்கள். அதில் எதையும் அம்மாவிடம் சொல்ல முடியவில்லை. பரவாயில்லை, ஊரில் வேறு ஆட்களா இல்லை என்று படுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை திண்டுக்கல்லில் ஸ்டெல்லா டீச்சர் வீடு. எட்டாம் வகுப்பில் எனக்கு அறிவியல் எடுத்தவர். தன் தெருவில் ஏழு வீடுகளுக்கு முன்பே சொல்லிவைத்திருந்தார். தவக்காலம் என்பதால் அவருக்கு அன்று ஒருசந்தி, ஒரு வேளை மட்டும் உண்ணும் விரதம். வாய் சுத்தமாகக் காலி. இதைவிட நல்ல ஆள் கிடைக்காது என்று குப்பியை நீட்டினேன்.

"காலையிலேர்ந்து பச்சத் தண்ணி பல்லுல படல" என்றார் டீச்சர். "ஆனா ஒரு சந்தேகம். எச்சிய முழுங்குனா ஒருசந்தி முறியாது. அது தெரியும். துப்பிக் குடுத்தா?"

"முறியாது டீச்சர்."

"அதைச் சொல்ல நீ யாரு? செத்த நேரம் இரு, சர்ச்சுல சாமியார்ட்ட கேட்டுட்டு வாரேன்."

போனவர் கால் மணி நேரத்தில் வந்தார். "அவருக்கே சந்தேகம் வந்துருச்சு. தானம்னு நெனச்சுக் குடுங்கன்னுட்டாரு." குப்பியின் கோடு வரை, ஒரு சொட்டுக் கூடவும் குறையவும் இல்லாமல் துப்பி மூடினார். பிறகு ஒட்டியிருந்த சீட்டைப் பார்த்து, "என்னடி, பரீட்சைப் பேப்பரா? பேரு இல்லாம நம்பரு!" என்றார்.

மற்ற ஏழு வீடுகளில் ஒருசந்தி இல்லை. அதனால் காப்பி இருந்தது. அரை மணி நேரம் எதுவும் குடிக்கக் கூடாது என்றேன். "நாங்க குடிக்கலம்மா, நீ குடி" என்று எனக்கு மட்டும் கொடுத்தார்கள். வந்தவளைத் தனியாகக் குடிக்கவிடுவது எப்படி என்று சங்கடப்பட்டு அவர்களும் ஒரு மடக்குக் குடித்தார்கள். கடிகாரத்தை மறுபடி முதலிலிருந்து ஓட்டினேன். ஏழு வீடு, ஏழு காப்பி. என் செல்கள் அன்று குடித்ததுபோல் என்றும் குடித்திருக்காது.

ஆறாவது வீட்டில் ஒருவர் படிவத்தைக் கூர்ந்து படித்தார். "சமீபத்தில் தோன்றிய மரபணுன்னு போட்டிருக்கே. எப்ப தோணுச்சு? சிக்குன்குனியா வந்துச்சே, அப்பயா?" அந்தக் காய்ச்சல் வந்துபோன மறுவருடம் அது, ஊரில் பாதிப் பேர் இன்னும் முட்டியைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்தார்கள். இல்லைங்க, ஒன்றரைக் கோடி வருடம் முன்பு, முன்னே பின்னே இருக்கும் என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார். "இதையாம்மா சமீபத்தில்னு எழுதியிருக்க?"

இருட்டுவதற்குள் காந்திகிராமம் பக்கம் ஒரு விடுதிக்குப் போய் மாணவிகள் நான்கு பேரிடம் வாங்கினேன். யார் குப்பி முதலில் நிரம்பும் என்று பந்தயம் கட்டி, மூன்று நிமிடத்தில் முடித்துக் கொடுத்தார்கள். பன்னிரண்டு.

சனிக்கிழமை ஆயக்குடி. கொய்யாத் தோட்டக்காரர் பழனிச்சாமியும் அவர் மனைவி ருக்குமணியக்காவும் தங்கள் வீடு சேர்த்து ஏழு குடும்பத்து ஆட்களைக் கூட்டிவைத்திருந்தார்கள். அங்கே பேச்சே வேறு. வாக்கியத்துக்கு ஒரு 'ங்க' சேர்த்து, என்னைக் கலெக்டர் ஆக்கிவிட்டார்கள். படிவத்தையும் குப்பிகளையும் கொடுத்தேன். ருக்குமணியக்கா இரண்டு முறை படித்துவிட்டு, "செரிங்க, ஏற்பாடு பண்ணிர்லாங்க" என்றார். ஆட்கள் துப்புவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது மரியாதை இல்லை என்று நான் பழனிச்சாமியோடு தோட்டம் பார்க்கப் போனேன்.

ஜெர்மனியில் கொய்யாவை ஒவ்வொன்றாகப் பஞ்சு வலைக்குள் வைத்து விற்பார்கள், வாசனையே இராது. இங்கே மரத்திலிருந்து பறித்து, உப்பும் மிளகாய்ப் பொடியும் தொட்டு நான்கு தின்றேன். திரும்பி வந்தால், ஏழு குப்பிகளும் ஒரு தாம்பாளத்தில் வரிசையாக நின்றன. எல்லாம் கோடு வரை. பக்கத்தில் எனக்கு ஒரு பை கொய்யா. பத்தொன்பது! இந்த ஒழுங்கைப் பார்த்தால் ஜெர்மனிக்காரர்களே வெட்கப்படுவார்கள் என்று நினைத்துக்கொண்டு பேருந்து ஏறினேன்.

ஒட்டன்சத்திரத்தில் தக்காளி லாரிகளுக்கு நடுவே மாட்டி, அதைத் தாண்டியதும் டயர் பஞ்சர். ஜெர்மனியில் ரயில் ஆறு நிமிடம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே நடத்துனர் இறங்கி, "எல்லாரும் எறங்கி டீ குடிங்க, அவசரமா இருக்கவக ரெண்டு டீ குடிங்க" என்றார். நான் இறங்காமல் பெட்டியைத் திறந்து என் செல்வத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பதினைந்தாம் எண் குப்பியை வெளிச்சத்தில் தூக்கினேன். அடியில் ஏதோ வெள்ளையாக உருண்டது.

சோற்றுப் பருக்கை.

யாரோ சாப்பிட்டுவிட்டுத் துப்பியிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். மற்ற ஆறையும் தூக்கிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் அடியில் ஒரே மாதிரி வெள்ளையாகப் படிந்திருந்தது. ஒன்றைத் திறந்து முகர்ந்தேன். வடிகஞ்சி.

ஞாயிற்றுக்கிழமை முதல் பேருந்தில் மறுபடி ஆயக்குடி. ருக்குமணியக்கா வாசலில் நின்றபடியே ஆச்சரியப்பட்டார்.

"ஏனுங்க, அதுல தானுங்க எழுதியிருந்துச்சு. உமிழ்நீர் மாதிரின்னு. உமிழ்நீர் மாதிரி என்ன இருக்குதுன்னு ஏழு பேரும் உக்காந்து யோசிச்சமுங்க. எளநி தெளிவா இருக்குது, ஆகாதுன்னாரு இவரு. மோரு ரொம்ப வெள்ளை. கடைசில வடிகஞ்சில ரெண்டு பங்கு தண்ணி ஊத்துனா கச்சிதமா வந்துச்சுங்க. அந்த வழவழப்பு, அப்படியே!"

"அக்கா, மாதிரின்னா... சாம்பிளுக்கா. எச்சில்ல கொஞ்சம்."

"நெசமான எச்சிலுங்களா?" வாயைப் பொத்திக்கொண்டார். "இவரு அப்பவே கேட்டாருங்க, எச்சிலைத்தான் கேக்குதோன்னு. நாந்தான் அதட்டுனேன். வெளிநாட்டுல படிச்ச புள்ள, அத்தனை அழகா எழுதியிருக்குது, எச்சில் கேக்குமான்னு."

அழகா எழுதியிருக்குது. நான் இரண்டு முறை வாசித்து ரசித்த வாக்கியம் அதுதான்.

அவர்கள் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. கேட்டதைத்தான் கொடுத்திருந்தார்கள். நான் நிமிர்ந்து நின்று, மறுபடி கூடிவிட்ட ஏழு பேரிடமும் சொன்னேன்: "எனக்கு உங்க எச்சில் வேணுங்க." முதலில் பழனிச்சாமி சிரிக்க ஆரம்பித்தார், தோட்டமே சிரித்தது. உடைந்தால் இருக்கட்டும் என்று கொண்டுவந்த ஏழு உபரிக் குப்பிகள் அங்கே தீர்ந்தன. இந்த முறை பக்கத்திலேயே நின்றேன்.

அந்த அரை மணி நேரத்தில் எதற்கு எச்சில் என்று விளக்கவும் வேண்டியிருந்தது.

"அந்தக் குடிக்கிற சமாச்சாரம் மாட்டுக்கு இல்லீங்களா?"

"இல்லைக்கா."

"எலிக்கு?"

"இல்லை."

"நம்ம தோட்டத்துல கொய்யா திருடுற கொரங்குக்கு?"

"நம்ம பக்கத்துக் குரங்குகிட்ட இன்னும் நாங்க தேடிப் பாக்கலைக்கா."

பழனிச்சாமி ஆர்வமானார். "தேடுங்க, தேடுங்க. எத்தனை வேணுமோ புடிச்சுத் தரமுங்க. திருப்பித் தர வேண்டாம்."

ஆக, பத்தொன்பது நல்ல குப்பிகள். கையில் ஒரே ஒரு காலிக் குப்பி. திங்கட்கிழமை ஒரு நாள் மிச்சம்.

திங்கள் காலை அம்மா வேலை செய்யும் புளியந்தோப்புக்குப் போனேன். உலுக்குகிற ஆட்கள் மரத்தின் மேலே. கீழே பத்துப் பன்னிரண்டு பெண்கள். அதில் ஒருத்தி துப்பினால் என் வேலை முடிந்தது. குப்பியை எடுத்ததும் எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"பேச்சி துப்பிட்டாளா?" என்றாள் ஒருத்தி.

"இல்லக்கா."

"பெத்தவளே துப்பல. நாங்க எதுக்குத் துப்பணும்? அதுல என்ன வில்லங்கமோ!"

அம்மா இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. உதிர்ந்த புளியைக் குனிந்து அள்ளிக்கொண்டிருந்தாள். சேலையின் முன்பக்கத்தைத் தூக்கி மடி பிடித்தாள். மடியின் விளிம்பு தரையை ஒட்டி முன்னால் போயிற்று. புளி, சருகு, மண், ஒரு எறும்புக் கூட்டம் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு வளைப்பு. அப்புறம் விளிம்பு மேலே ஏறி மூடி, உடம்போடு ஒட்டிக்கொண்டது. அவள் எதையும் பொறுக்கிப் பார்க்கவில்லை. அதெல்லாம் அப்புறம், உள்ளே போனபிறகு.

நான் அப்படியே நின்றுவிட்டேன். இரண்டு வருடமாக நுண்ணோக்கியில் பார்த்தது இது. செல்லின் ஓரம் எழுவதற்கு நான் எத்தனை தமிழ்ச் சொற்களைத் தேடியிருப்பேன்! அலைவிளிம்பு, சுருக்கம், இதழ். செல் மடி பிடிக்கிறது. அவ்வளவுதான்.

"அம்மா, நான் அங்கன பாக்குறது இதைத்தாம்மா. நீ இப்ப அள்ளுனேல்ல, அதே மாதிரி அது அள்ளும்."

அம்மா மடியைச் சாக்கில் கொட்டினாள். "இதைப் பாக்கவா ஜெர்மனி போன? இங்கனயே நின்னு பாத்திருக்கலாம்ல, பஸ்ஸு காசு மிச்சம்." தோப்பே சிரித்தது. சிரிப்பு அடங்கியபோது என் முகத்தைப் பார்த்தாள். "எத்தனை கொறையுது?"

"ஒண்ணு."

"ஒண்ணு கொறைஞ்சா என்ன?"

"எம் பேரு மொதல்ல வராதும்மா."

சொன்ன பிறகுதான் எனக்கே காதில் விழுந்தது, யாரிடம் என்ன சொல்கிறேன் என்று. அம்மா வாயிலிருந்த வெற்றிலையைத் துப்பிவிட்டு, குடத்துத் தண்ணீரில் ஆறேழு முறை கொப்பளித்தாள். அரை மணி நேரம் வெறும் வாயோடு வேலை பார்த்தாள். அத்தனை நேரம் அவள் பேசாமல் இருந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். பிறகு குப்பியை வாங்கிக் கோடு வரை நிரப்பினாள். அத்தனை கொப்பளித்தும், முப்பது வருட வெற்றிலை லேசாகச் சிவந்து இறங்கியது.

நான் சீட்டை எழுதி ஒட்டினேன். "எழுதிட்டேம்மா" என்றேன், எதை என்று சொல்லாமல்.

அவள் உற்றுப் பார்த்தாள். "எழுத்துத்தாண்டி எனக்குத் தெரியாது. எண்ணு தெரியும். மூட்டையில போடுவோம்ல. இது இருபது." குப்பியை என் உள்ளங்கையில் வைத்து மூடினாள். "இருக்கட்டும். பத்தரமாக் கொண்டு போ."

செவ்வாய் காலை சென்னை விமான நிலையம். ஓர் அதிகாரி பெட்டியைத் திறக்கச் சொன்னார். காகிதங்களைப் படித்தார், முத்திரைகளைப் பார்த்தார், திருப்தியாகத் தலையாட்டினார். கடைசி வரிசையிலிருந்து இருபதாம் குப்பியை எடுத்தார்.

"இது சிவப்பா இருக்கே. ரத்தமா? ரத்தம்னா வேற அனுமதி வேணுமே."

"ரத்தம் இல்ல சார். வெத்தலை."

"என்னம்மா இது மொத்தமும்?"

உமிழ்நீர் என்று நாக்கு நுனி வரை வந்தது. "எச்சில் சார்" என்றேன்.

"இது யாரோட எச்சில்?"

"நம்பர் இருபது சார்."

"நம்பர் துப்பாதும்மா. ரத்தம் இல்ல, வெத்தலைன்னு நான் எழுதிக் கையெழுத்துப் போடணும். யாரோ இருபதுன்னு எழுத முடியுமா? ஆள் பேர் சொல்லு. இல்லேன்னா இந்த ஒண்ணை எடுத்து வச்சுட்டுப் போ."

மூன்று நாள் வகுப்பும் கண் முன்னால் வந்தது. பத்தொன்பதும் வந்தது. ஆனால் நான் வாய் திறந்ததற்கு இரண்டுமே காரணமில்லை என்று இப்போது தோன்றுகிறது.

"பேச்சியம்மாள் சார். எங்க அம்மா. பிச்சையம்மாள் இல்ல, பேச்சியம்மாள். பே."

அவர் ஒரு சீட்டில் நிதானமாக எழுதினார். முத்திரை குத்திக் கீழே என்னைக் கையெழுத்துப் போடச் சொல்லி, நகலை என்னிடம் தந்தார். அந்த நகலைக் குப்பிகளோடு பெட்டிக்குள் வைக்கவில்லை, விதி விதிதான். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டு, தோப்புக் குத்தகைக்காரரின் செல்லுக்குப் போன் போட்டு அம்மாவைக் கேட்டேன்.

"அம்மா, உம் பேரை எழுதிட்டாக."

"யாரு?"

"ஏர்போர்ட்டுல. கவர்மெண்டு காயிதத்துல, சீல் குத்தி."

அந்தப் பக்கம் புளி உதிர்கிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரியா எழுதுனானா? பாத்தியா?"

"எழுத்தெழுத்தாப் பாத்தேன்."

"மொதல்ல எழுதுனானா, நடுவுலயா?"

"மொதல்லம்மா. மொத வரியே நீதான்."

"உம் பேரு?"

"உனக்குக் கீழ."

"ம்" என்றாள் அம்மா. "பின்ன? பாத்துப் போயிட்டு வா."